பிள்ளையின் கையை யாரிடம் ஒப்படைக்கிறோம்? பேஸ்பால் ஆடும் பிள்ளைகளைப் பெற்ற அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



வரும் ஆகஸ்ட் 1 அன்று உங்களில் சிலர் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். பதினோராம் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளோடு டிவிஷன் ஒன் கல்லூரிகளின் பேஸ்பால் பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேச அன்றிலிருந்துதான் அனுமதி. உங்கள் பையன் பிட்சர் என்றால், மறுமுனையில் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் இருக்க மாட்டார். பிட்சிங் கோச் இருப்பார். இனிமையாகப் பேசுவார். உங்கள் பையன் ஜூலையில் வீசிய ஸ்லைடரைப் பற்றி உங்களுக்கே தெரியாத நுணுக்கங்களைச் சொல்வார். "ஒருமுறை வளாகத்தை வந்து பாருங்கள்" என்பார்.

நீங்களும் போவீர்கள். கல்லூரி விசாரிப்பதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்தத் துறை, என்ன தரவரிசை, கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் எங்கே வேலை கிடைக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டுவிடுவோம். ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், சீருடையை மாட்டிப் படம் எடுப்பார்கள். இத்தனையும் நடக்கும்போது அந்தப் பிட்சிங் கோச் யார், எங்கிருந்து வந்தார், எதற்காக இந்த வேலையில் இருக்கிறார், இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அடுத்த மூன்று ஆண்டுகள் உங்கள் பிள்ளையின் தோளும் முழங்கையும் அவர் பொறுப்பில் இருக்கப் போகின்றன. அதனால்தான் இந்த மடல். அவருடைய தொழிலை நீங்கள் தெரிந்துகொண்டு பேச உட்கார வேண்டும்.

முதலில் கையைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. பேஸ்பாலில் அந்தத் தடை கிடையாது. வேகமே மடிந்த முழங்கை சுழன்று நிமிர்வதில்தான் பிறக்கிறது. 60 அடி 6 அங்குலத் தூரத்துக்கு, சுமார் 145 கிராம் எடையுள்ள பந்தை மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியும்போது, தோள் சுழலும் வேகத்தை நொடிக்கு 7,000 டிகிரி அளவில் அளந்திருக்கிறார்கள். அந்தச் சுழற்சியின் இழுவை முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறு தசைநார் மீது விழுகிறது. அது கிழிந்தால் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்துப் பொருத்த வேண்டும். 1974 செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலில் அதைச் செய்தார். நோயாளி டாமி ஜான். அறுவைக்குப் பிறகு அவர் 164 வெற்றிகள் பெற்றார், 1989 வரை ஆடினார். அதனால் அறுவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. "டாமி ஜான் பண்ணிக்கிட்டா இன்னும் வேகமாப் போடலாமாம்" என்று நம் பெற்றோர் வட்டத்திலேயே பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஆட்டமே இல்லாமல் போகும் அறுவை அது. டாமி ஜானைப் போல எல்லோரும் மீண்டு வருவதும் இல்லை.

இந்தக் கையை வைத்துக்கொண்டு பிட்சிங் கோச் என்ன செய்கிறார்?

கல்லூரி அணியில் பாதிப் பேர் பிட்சர்கள். பதினைந்து, பதினேழு பையன்கள் அவர் கணக்கில் இருப்பார்கள். சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே கடைசி வரை ஓடும். 56 ஆட்டங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம். இடையில் செவ்வாய் அல்லது புதன் ஒன்று. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தைத் தொடங்குபவன்தான் அணியின் முதல் கை. ஞாயிறு இரவு பேருந்தில் வீடு திரும்பும்போது யார் எத்தனை பந்து வீசினான், யாருக்கு எத்தனை நாள் ஓய்வு, செவ்வாய்க்கிழமைக்கு யார் மிச்சம் என்பதுதான் அவர் தலைக்குள் ஓடும். திங்கட்கிழமை அடுத்த எதிரணியின் பேட்ஸ்மேன்களைப் பற்றிய குறிப்பு தயாராக வேண்டும். கோடையில் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போய் அடுத்த தலைமுறைப் பிட்சர்களைத் தேட வேண்டும். ஜார்ஜியாவின் லேக்பாயிண்டிலும் ஃப்ளோரிடாவின் ஜூபிட்டரிலும் கேட்சருக்குப் பின்னால் கம்பிவலையை ஒட்டி ரேடார் கருவிகளோடு வரிசையாக நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் பிட்சிங் கோச்சுகள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கோடை விடுமுறை அப்பா இல்லாமல்தான் கழிகிறது.

ஒரு நல்ல பிட்சிங் கோச்சை அடையாளம் காண ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே புல்பென் பக்கம் போய் நில்லுங்கள். பையன் முதலில் மெதுவாக எறிந்து, தூரம் கூட்டி, பிறகு மவுண்டில் ஏறுவான். சில கோச்சுகள் ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: தோளைத் திருப்பு, காலை நீட்டு, தலையைத் தூக்காதே. பையனின் உடம்பு பத்துக் கட்டளைகளுக்கு நடுவே இறுகிப்போகும். நல்லவர் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பத்துப் பந்துக்கு ஒருமுறை ஒரு சொல். அதுவும் கேள்வியாக வரும்: "அந்தப் பந்து கையை விட்டுப் போனப்போ எப்படி இருந்தது?" பையனே பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார். பக்கத்தில் ட்ராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பந்தின் சுழற்சி, வளைவு, வேகம் எல்லாவற்றையும் திரையில் கொட்டிக்கொண்டிருக்கும். அவர் எல்லாவற்றையும் படிப்பார், பையனிடம் ஒன்றை மட்டும் சொல்வார்.

ஆட்டத்தின் நடுவில் அவருடைய உண்மையான வேலை களைப்பைக் கண்டுபிடிப்பது. வேகம் ஒரு மைல் குறைவது ரேடாரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே வேறு அடையாளங்கள் வந்துவிடும். முழங்கை கொஞ்சம் தாழும். தாழ்வாகப் போய்க்கொண்டிருந்த பந்து மார்பு உயரத்துக்கு ஏறும். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பையன் கூடுதலாக மூச்சு வாங்குவான், தொப்பியைச் சரிசெய்வான், ரோசின் பையை இரண்டு முறை எடுத்துப் போடுவான். கோச் மவுண்டுக்கு நடந்து போவார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்பார்: "எப்படி இருக்கே?" பதில் எப்போதும் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன் கோச்." பத்தொன்பது வயதுப் பையன், நிரம்பிய ஸ்டேடியம், அவனைப் பார்க்க வந்த அம்மா அப்பா. வேறு என்ன சொல்வான்? அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே, பையனின் கண்ணையும் தோளையும் பார்த்து, பந்தைக் கேட்டு வாங்க வேண்டுமா என்று முடிவு செய்யத் தெரிந்தவர்தான் பிட்சிங் கோச். அந்த முடிவால் ஆட்டம் தோற்றால் மறுநாள் ஊரே திட்டும்.

அந்தத் திட்டு அவர் வேலையையே பறித்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்தத் தொழிலின் அடித்தட்டு எப்படிப்பட்டது என்று வெளியே பலருக்குத் தெரியாது. 2023 ஜூலை வரை டிவிஷன் ஒன் பேஸ்பால் அணிகளில் தலைமைப் பயிற்சியாளர் தவிர இரண்டு உதவியாளர்களுக்குத்தான் முழுச் சம்பளம் தர விதி இடம் கொடுத்தது. மூன்றாமவர் 'தன்னார்வப் பயிற்சியாளர்'. காலையிலிருந்து இரவு வரை மற்றவர்களைப் போலவே உழைப்பார். கல்லூரி சம்பளம் தராது. கோடை முகாம்களிலும் தனிப் பயிற்சியிலும் கிடைப்பதை வைத்துக் குடும்பம் நடத்துவார். அதை எதிர்த்து அவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் பதவி ஒழிந்து, மூன்றாமவருக்கும் சம்பளம் வந்தது. இன்று பெரிய அணிகளில் இருக்கும் கோச்சுகளில் பலர் இந்த வழியில் ஏறி வந்தவர்கள். டிவிஷன் த்ரீ, ஜூனியர் காலேஜ் பக்கம் போனால் பிட்சிங் கோச்சே புல் வெட்டுவார், மைதானத்தைத் தார்ப்பாயால் மூடுவார், வேனும் ஓட்டுவார். காசுக்காக யாரும் அங்கே நிற்பதில்லை. அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த மடலை அவர்களுக்கு எதிரான புகாராகப் படிக்க வேண்டாம்.

மேலே ஏறுபவர்களின் பாதைக்கு வெஸ் ஜான்சனைப் பாருங்கள். ஆர்கன்சாவில் பள்ளிப் பயிற்சியாளராகத் தொடங்கியவர். சிறிய கல்லூரிகள், பிறகு டாலஸ் பாப்டிஸ்ட், அங்கிருந்து 2016 சீசனுக்கு மிசிசிப்பி ஸ்டேட், அடுத்த ஆண்டே ஆர்கன்சா பல்கலைக்கழகம். 2018 கடைசியில் மினசோட்டா ட்வின்ஸ் அவரை மேஜர் லீக் பிட்சிங் கோச்சாக எடுத்தது. கல்லூரியிலிருந்து ஒரே தாவலில் அந்த நாற்காலிக்குப் போவது அதுவரை யாரும் எதிர்பாராதது. அவர் சேர்ந்த முதல் ஆண்டில் ட்வின்ஸ் 101 ஆட்டங்கள் வென்றது. பிறகு 2022 ஜூனில், சீசன் பாதியில் இருக்க, அதே ஜான்சன் மேஜர் லீகை விட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.  கல்லூரிப் பிட்சிங் கோச்சின் வேலை எந்த உயரத்துக்குப் போய்விட்டது என்று நாடு உணர்ந்தது அன்றுதான்.

அங்கே அவர் கையில் வந்து சேர்ந்தவர் பால் ஸ்கீன்ஸ். விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடிக்கொண்டிருந்த பையன். 2023இல் ஜான்சனிடம் ஒரே ஒரு சீசன். 209 ஸ்ட்ரைக்அவுட், சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் அணிகளிடையே 1989இல் பென் மெக்டொனால்ட் வைத்த 202 என்ற சாதனை உடைந்தது. கல்லூரிகளின் இறுதிப் போட்டிகள் நடக்கும் ஒமாஹாவில் லூசியானா ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றது. ஜூலையில் ஸ்கீன்ஸ் நாட்டின் முதல் தேர்வாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனார்; 2025இல் சை யங் விருதையும் வாங்கிவிட்டார்.

இந்தக் கதையில் உங்கள் கண் படவேண்டிய இடம் வேறு. ஒமாஹாவில் கடைசி ஆட்டம் நடந்தது ஜூன் 26. வெஸ் ஜான்சனை ஜார்ஜியா பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது அதே ஜூன் மாதத் தொடக்கத்தில். அடுத்த வேலை உறுதியான பிறகும் பட்டம் வெல்லும் வரை அவர் தன் பையன்களோடு நின்றார், அது அவருடைய நேர்மை. ஆனால் அவரை நம்பி அந்தக் கல்லூரிக்குச் சேர வந்துகொண்டிருந்த புதுப் பிட்சர்கள் இலையுதிர் காலத்தில் வேறொரு முகத்தைத்தான் பார்த்தார்கள். மிச்சிகனின் கிறிஸ் ஃபெட்டரும் அப்படித்தான். தான் படித்து ஆடிய கல்லூரியிலேயே பிட்சிங் கோச்சாகி, 2019இல் அணியை ஒமாஹா இறுதித் தொடர் வரை கொண்டுவந்தவர். 2020 இலையுதிர் காலத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் அழைத்தது, போய்விட்டார். வாண்டர்பில்ட்டில் டேவிட் பிரைஸ், சன்னி கிரே போன்றவர்களை உருவாக்கிய டெரெக் ஜான்சனும் 2012க்குப் பிறகு தொழில்முறை அணிகளுக்குப் போனார். இவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாய்ப்பு வரும்போது நம் வீட்டில் யாராவது வேண்டாம் என்போமா? நல்ல கோச்சாக இருப்பவரைத்தான் மேலே அழைக்கிறார்கள். ஆகவே நல்லவர் இருக்கும் கல்லூரியில்தான் அவர் போய்விடும் அபாயமும் அதிகம்.

எல்லோரும் மேலேயே ஏறுவதும் இல்லை. ஃப்ராங்க் ஆண்டர்சன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பிட்சிங் கோச்சாக 2002இல் பட்டம் வென்றார். ஓக்லஹோமா ஸ்டேட்டில் 2004 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அந்த வேலை போனதும் கௌரவம் பார்க்காமல் மறுபடியும் பிட்சிங் கோச்சாக ஹூஸ்டனுக்குப் போனார், அங்கிருந்து டென்னசிக்கு. 2024இல் டென்னசி தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றபோது பிட்சர்களை நடத்தியவர் அவர். முதல் பட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் 22 ஆண்டுகள். என்னைக் கேட்டால், தலைமைப் பதவிக்கு ஏங்காமல் பிட்சர்களோடு இருப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒருவர் கிடைத்தால் ஸ்டேடியத்தின் அழகைப் பார்க்காமல் அங்கே சேர்த்துவிடலாம்.

இந்தியாவோடு தொடர்புள்ள கோச் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தை ஏ.ஆர். ரஹ்மான் இசைக்காக நம்மில் பலர் பார்த்தோம். அதில் வரும் டாம் ஹவுஸ் உண்மை மனிதர். தானும் மேஜர் லீக் பிட்சராக இருந்தவர். 1974 ஏப்ரல் 8 அன்று ஹேங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்தபோது புல்பென்னில் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். டெக்சஸ் ரேஞ்சர்ஸில் நோலன் ரையனுக்குப் பிட்சிங் கோச்சாக இருந்தவர். 2008இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவரிடம்தான் ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் கொண்டுபோய் விட்டார்கள். இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள், ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பால் கையுறையே போட்டுப் பார்க்காதவர்கள். அதே ஆண்டு நவம்பரில் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வரை அவர்கள் போகவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாதவனுக்குச் சில மாதங்களில் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று ஹவுஸ் காட்டினார். பிட்சிங் கோச் முதலில் ஆசிரியர். நம் வீடுகளில் ஆசிரியருக்கு ஓர் இடம் உண்டு. இவரையும் அந்த இடத்தில் வைத்து, ஆசிரியரை விசாரிப்பது போலவே விசாரியுங்கள்.

இனி உங்களுக்குக் கசப்பானதையும் சொல்லியாக வேண்டும்.

2009 மே 30 அன்று ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் காலேஜும் ஆடிய ஆட்டம் 25 இன்னிங்ஸ் நீண்டது. ஏழு மணி நேரத்துக்கு மேல். டெக்சஸின் ஆஸ்டின் வுட் ஏழாவது இன்னிங்ஸில் பந்தை வாங்கினார். 13 இன்னிங்ஸ் வீசினார். அதில் முதல் 12 இன்னிங்ஸுக்கும் மேல் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. மொத்தம் 169 பந்துகள். முந்தின நாளும் அவர் வீசியிருந்தார். டெக்சஸ் 3-2 என்று வென்றது. பார்த்தவர்கள் இன்றும் அதைக் காவியம் போலப் பேசுகிறார்கள். வுட் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த ஒரு இரவுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் 169 என்ற எண்ணில் நிறுத்த எந்த விதியும் அங்கே இல்லை. இன்றும் இல்லை. பள்ளிகளில் பந்துகளுக்கு உச்ச வரம்பு உண்டு. மேஜர் லீகும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' பரிந்துரை 17, 18 வயதுக்கு 105 பந்துகள், 19 முதல் 22 வயது வரை 120 என்கிறது. கல்லூரி ஆட்டத்தில் அது பரிந்துரை மட்டும்தான். எங்கே நிறுத்துவது என்பது டக்அவுட்டில் இருப்பவர்களின் மனசாட்சி.

குமார் ராக்கரை உங்களில் பலருக்குத் தெரியும். தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அதனாலேயே நம் வீடுகளில் அந்தப் பெயருக்குத் தனிப் பாசம். 2019 ஜூன் 8, வாண்டர்பில்ட் தோற்றால் அந்த ஆண்டே முடிந்தது என்ற நிலை. முதலாம் ஆண்டு மாணவர் ராக்கர் டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். 131 பந்துகள். அந்த ஆண்டு வாண்டர்பில்ட் பட்டம் வென்றது, ஒமாஹாவின் சிறந்த வீரரும் அவர்தான். 2021இல் நியூயார்க் மெட்ஸ் அவரை 10ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் கொடுக்க மறுத்தது. பிறகு தோளில் அறுவை. 2022இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023இல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பரில் ஒருவழியாக மேஜர் லீகில் ஏறினார். அவர் மீண்டு வந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இங்கேயும் இதனால் அது என்று கோடு போட முடியாது. ஹிட் கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கும் பையனின் கையிலிருந்து பந்தை வாங்குவது எவ்வளவு கடினம் என்பதும் புரிகிறது. 120 ஆனதும் எழுந்து நடக்கும் கோச்சுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பந்துகளின் எண்ணிக்கையைவிட வேகத்தின் மோகம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. 2022 மே 1 அன்று டென்னசியின் பென் ஜாய்ஸ் மணிக்கு 105.5 மைல் வேகத்தில் ஒரு பந்து வீசினார். நாடு முழுக்க அந்த வீடியோ ஓடியது. கல்லூரியில் சேருமுன்னே பையன்கள் எடை கூடிய பந்துகளைச் சுவரில் எறிந்து, ஒரு மைல் கூடினால் படம் எடுத்துப் போடுகிறார்கள். வேகம் இருந்தால் அழைப்பு வரும், அழைப்பு வந்தால் கோச்சின் பெயரும் ஏறும். 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட பிட்சர் காய அறிக்கை, வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு வீசுவதும்தான் காயங்கள் பெருகக் காரணமாகத் தெரிகின்றன என்று சொல்லிவிட்டது. அந்த அறிக்கை தொழில்முறை வீரர்களோடு நிற்கவில்லை, சிறு பிள்ளைகள் வரை பேசியது. வேகத்தைக் கூட்டத் தெரிந்த கோச்சுகள் இன்று நிறைய. எப்போது கூட்டக் கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு. பிந்தியவரைத் தேடுங்கள்.

போதாக்குறைக்கு விதிகளும் மாறிவிட்டன. 2021 முதல் மாணவர்கள் ஓர் ஆண்டு உட்காராமலேயே கல்லூரி மாறலாம். அதனால் உங்கள் பையனை இரண்டு ஆண்டு பொறுமையாக வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் வளர்ந்துவிட்ட 21 வயதுக்காரனை அழைத்துக்கொள்வது கோச்சுக்கு எளிது. 2025-26 முதல் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கச் சம்மதித்த கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்ற வரம்பும் வந்திருக்கிறது. இடம் குறைவு, அவசரம் அதிகம். முதல் ஆண்டில் தடுமாறும் பையனுக்கு முன்பிருந்த பொறுமை இப்போது இல்லை.

ஆகவே வளாகத்துக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது சில உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள், நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் இருந்த பிட்சர்களில் எத்தனை பேருக்கு முழங்கை, தோள் அறுவை நடந்தது? பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒருவன் வெள்ளிக்கிழமை 110 பந்து வீசினால் மறுபடி எப்போது பந்தைத் தொடுவான்? கோடையில் அவனை கேப் காட் லீக் போன்ற இடங்களுக்கு அனுப்புவதா, ஓய்வு கொடுப்பதா, யார் தீர்மானிக்கிறீர்கள்? கை வலிக்கிறது என்று பையன் சொன்னால் முதலில் யாரிடம் போவான்: உங்களிடமா, மருத்துவப் பணியாளரிடமா? அந்த மருத்துவப் பணியாளர் 'இவன் வீசக் கூடாது' என்றால் உங்கள் தலைமைப் பயிற்சியாளர் கேட்பாரா?

பதிலைவிட அவர் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். எண்ணிக்கை உடனே வாயில் வந்தால் அவர் அந்தப் பையன்களை மறக்கவில்லை என்று பொருள். "காயம் இந்த விளையாட்டில் சகஜம்" என்று தள்ளிவிட்டால் வணக்கம் சொல்லி எழுந்து வாருங்கள். முடிந்தால் அங்கே இப்போது ஆடும் மூன்றாம் ஆண்டு பிட்சர் ஒருவனோடு உங்கள் பையனைத் தனியே பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். அணியில் இடம் கிடைக்காமல் புல்பென்னிலேயே உட்கார்ந்திருக்கும் பையனாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை நட்சத்திரத்தை எல்லாக் கோச்சும் அன்பாகத்தான் நடத்துவார்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்து வயதிலிருந்து பையன் எந்த மாதம் எத்தனை ஆட்டம் ஆடினான், எப்போது கை வலித்தது, எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். சனி காலை ஒரு அணி, ஞாயிறு மாலை இன்னொரு அணி என்று இரண்டு அணிகளுக்கு வீசவிடாதீர்கள். இரண்டு கோச்சுக்கும் மற்றவர் கணக்கு தெரியாது. ஆண்டில் சில மாதங்களாவது பந்தே தொடாமல் இருக்கட்டும். கல்லூரிக் கோச்சின் கையில் பையன் போய்ச் சேரும்போது கை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அவரை மட்டும் கேள்வி கேட்பது நியாயமாகாது.

கடைசியாக ஒரு கேள்வி. கைகுலுக்கி விடைபெறும் முன் கேளுங்கள்: "கோச், வரும் ஜூனில் உங்களுக்குப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தால் போவீர்களா?" போவேன் என்று ஒளிக்காமல் சொல்பவரோடு மேலே பேசலாம். உடனே இதையும் கேட்டுவிடுங்கள்: போகும்போது என் பையனுடைய பந்துக் கணக்கு, வலி, பயிற்சி பற்றிய குறிப்புகளை அடுத்து வருபவரிடம் யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? அந்தக் கல்லூரியில் அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கல்லூரி பேஸ்பாலை நெடுநாளாகப் பார்த்துவரும் உங்களில் ஒருவன்